அயல்நாட்டு முன்மாதிரி: எதை எடுத்துவர முடியும், எது கூட வராது?

தேர்தல் வந்தால் ஏதாவது ஒரு நகரத்தைச் சிங்கப்பூர் ஆக்கிக்காட்டுவதாக வாக்குறுதி தருகிறார்கள். தொழில் வளர்ச்சி பற்றிப் பேசினால் சீனாவைப் பாருங்கள் என்கிறார்கள்; பள்ளிக் கல்வி பற்றிப் பேசினால் பின்லாந்து வராமல் பேச்சு முடிவதில்லை. இதற்கு எதிராக எழும் குரலும் நமக்குப் பழக்கமானதுதான்: நம் மண் வேறு, மரபு வேறு, அடுத்த நாட்டைப் பார்த்து நடப்பது நமக்கு ஒத்துவராது. இந்த இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன என்பது என் கருத்து. ஒரு நாட்டைப் பின்பற்றுவது என்பதை முழுதாக ஏற்கவோ முழுதாகத் தள்ளவோ வேண்டிய ஒற்றைச் செயலாக இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குள் தன்மையில் முற்றிலும் வேறுபட்ட மூன்று செயல்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், சில நாடுகள் பிறரைப் பார்த்தே முன்னேறியதற்கும், வேறு சில நாடுகள் அதே முயற்சியில் பணத்தையும் நிலத்தையும் இழந்ததற்கும் காரணம் விளங்கும்.

முன்மாதிரி என்றால் என்ன?

ஒரு நாடு வறுமையிலிருந்து மீண்ட காலத்தில் கையாண்ட கொள்கைகள், சட்டங்கள், நடைமுறைகள் ஆகியவற்றின் தொகுப்பை மற்றொரு நாடு தனக்கு வழிகாட்டியாக எடுத்துக்கொண்டால், அந்தத் தொகுப்பை வளர்ச்சி முன்மாதிரி என்கிறோம்.

ஆழ்துளைக் கிணறு போடுவதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்துத் தோட்டக்காரருக்கு 400 அடியில் தண்ணீர் கிடைத்துவிட்டது. நாமும் கிணறு போட நினைக்கிறோம். அவருக்குத் துளையிட்ட அதே திருச்செங்கோட்டு ரிக் வண்டியை நாமும் வரவழைக்கலாம். அந்த வண்டிக்கு யார் நிலம் என்ற வேறுபாடு கிடையாது. ஆனால் 400 அடி என்ற கணக்கை அப்படியே எடுத்துவர முடியாது, ஏனென்றால் அது அவர் நிலத்துக்கு அடியில் பாறை எப்படி அமைந்திருந்தது என்பதற்குக் கிடைத்த விடை. நம் நிலத்தில் 250 அடியிலேயே தண்ணீர் இருக்கலாம், 800 அடியிலும் இல்லாமல் போகலாம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அனுபவமுள்ள ரிக் ஓட்டுநர், துளையிலிருந்து வெளியேறும் பாறைத்தூளின் நிறத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொண்டே இருந்து, மேலே தொடர்வதா, நிறுத்துவதா, கேசிங் குழாயை எதுவரை இறக்குவது என்று அவ்வப்போது முடிவெடுக்கிறார். அந்தக் கவனிப்பைக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு நிலத்திலும் அதை முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

ஒரு நாட்டின் வளர்ச்சியிலும் இந்த மூன்றும் உண்டு. முதலாவது தொழில்நுட்பம். இரண்டாவது, அந்தந்த நாட்டின் சூழலுக்கு விடையாக உருவான சட்டங்களும் அமைப்புகளும். மூன்றாவது, ஒரு முயற்சியின் விளைவைக் கண்காணித்து அந்த முயற்சியையே திருத்திக்கொள்வது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். முதலாவது எளிதில் எல்லை கடக்கும், இரண்டாவது சிரமப்பட்டுத்தான் கடக்கும், மூன்றாவதை யாரிடமிருந்தும் வாங்க முடியாது.

தொழில்நுட்பமும் தொமியோகா ஆலையும்

பின்தங்கிய நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. முன்னே சென்றவர்கள் பல தலைமுறைகள் உழைத்துக் கண்டறிந்ததை அது குறைந்த செலவில், குறைந்த காலத்தில் எடுத்துக்கொள்ளலாம். இதைப் பின்வருவோர் அனுகூலம் என்பார்கள். ஜெர்மனியும் ரஷ்யாவும் இங்கிலாந்துக்குப் பின்னால் தொழில்மயமான வரலாற்றை ஆராய்ந்த அலெக்சாண்டர் கெர்ஷென்க்ரான் இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தார். அவர் சொன்னதில் பாதியைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த நாடுகள் இயந்திரத்தை இரவல் பெற்றாலும், அதற்கான முதலீட்டைத் திரட்ட இங்கிலாந்தின் வழியில் செல்லவில்லை என்பது அவர் சொன்ன மறுபாதி: ஜெர்மனியில் பெரிய வங்கிகளும் ரஷ்யாவில் அரசும் அந்தப் பொறுப்பை ஏற்றன.

இதற்கு ஜப்பான் நல்ல எடுத்துக்காட்டு. 1871 இறுதியில் புறப்பட்டு 1873 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்த இவாகுரா தூதுக்குழுவில் அந்நாட்டின் முதல்நிலைத் தலைவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கண்டவற்றின் விரிவான பதிவு 1878இல் ஐந்து தொகுதிகளாக அச்சாகி வெளிவந்தது. கடற்படைக்கு பிரிட்டன், தரைப்படைக்கு முதலில் பிரான்ஸ், பிறகு ஜெர்மனி என்று, ஒரே நாட்டை முழுதாகப் பின்பற்றாமல் துறைக்கு ஒரு நாட்டைத் தேர்ந்துகொண்டார்கள். ஆயினும் அந்தப் பெரிய பயணத்தைக் காட்டிலும், அதே காலத்தில் குன்மா பகுதியில் எழுந்த ஒரு பட்டுநூல் ஆலை நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது.

ஐரோப்பாவில் பட்டுப்புழுக்களை நோய் தாக்கியதால் ஜப்பானியக் கச்சாப் பட்டுக்கு அந்நாளில் பெரும் கிராக்கி இருந்தது. ஆனால் அவசரத்தில் நூற்ற மட்டமான நூலால் ஜப்பானின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது. எனவே அரசு பால் புருனா என்ற பிரெஞ்சு வல்லுநரை நியமித்து, 1872இல் தொமியோகாவில் ஒரு மாதிரி ஆலையைத் திறந்தது. கூடுகளை வெந்நீரில் இட்டு நூல் இழுக்கும் தொட்டிகள் 300, பிரான்சிலிருந்து நீராவி இயந்திரம், செங்கல் கட்டடம் என்று பார்வைக்கு அது அப்படியே ஐரோப்பிய ஆலை. அருகே சென்று பார்த்தால் கதை வேறு. செங்கல் சுடத் தெரிந்தவர்கள் இல்லாததால் ஓடு சுடும் உள்ளூர்க் கைவினைஞர்களே அதைக் கற்றுச் சுட்டார்கள். சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணச்சாந்து பூசினார்கள். ஜப்பானின் ஈரக்காற்றில் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒருமுறை சுற்றிய நூலை மறுபடி சுற்றும் முறையை ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் வேலைக்குப் பெண்கள் வரவில்லை. வெளிநாட்டவர் சிவப்புத் திராட்சை மது அருந்துவதைக் கண்டவர்கள், அவர்கள் இளம்பெண்களின் இரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி பரப்பிவிட்டார்கள். ஆலையின் முதல் மேலாளர் ஒதாகா அத்சுதாதா, பதின்ம வயதில் இருந்த தம் சொந்த மகளையே முதல் தொழிலாளியாகச் சேர்த்த பிறகுதான் மற்றக் குடும்பங்கள் அச்சம் நீங்கித் தங்கள் பெண்களை அனுப்பின.

வியாபாரக் கணக்கில் தொமியோகா பெரிய வெற்றி இல்லை. 1893இல் அரசு அதை மிட்சுய் குழுமத்துக்கு விற்றுவிட்டது. அதன் பயன் வேறு வழியில் வந்தது. அங்கே பயின்ற பெண்கள் ஊர் திரும்பி மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். நாகானோ பகுதியின் சிறு முதலாளிகள், இரும்புச் சட்டத்துக்குப் பதில் மரச்சட்டம், உலோகத் தொட்டிக்குப் பதில் மண்பாண்டத் தொட்டி, நீராவிக்குப் பதில் ஓடை நீரில் சுழலும் சக்கரம் என்று, தங்கள் கைக்கு எட்டிய பொருள்களைக் கொண்டு அந்த ஆலையை மலிவாகத் திரும்ப உருவாக்கினார்கள். 1909 வாக்கில் சீனாவை முந்தி, உலகிலேயே அதிகக் கச்சாப் பட்டு ஏற்றுமதி செய்யும் நாடாக ஜப்பான் ஆனது.

ஆக, எளிதில் எல்லை கடக்கும் தொழில்நுட்பம்கூட அப்படியே கடப்பதில்லை. உள்ளூர்க் கைகள் அதைப் பிரித்துப்போட்டு, தங்கள் பொருளையும் கூலியையும் தட்பவெப்பத்தையும் கணக்கிட்டு மறுபடி கோத்த பிறகே அது அந்த நாட்டுக்கு உரியதாகிறது.

சட்டத்தை இரவல் வாங்கினால்: சிறப்புப் பொருளாதார மண்டலங்கள்

இரண்டாவது அடுக்கில்தான் பெரும்பாலான நாடுகள் தடுக்கி விழுகின்றன. இந்தியாவின் சொந்த அனுபவம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பது, ஒரு நாட்டின் எல்லைக்குள்ளேயே, வரி, சுங்கம், முதலீடு ஆகியவற்றில் நாட்டின் ஏனைய பகுதிக்கு இல்லாத தனி விதிகள் செல்லுபடியாகும் பகுதி. இந்த எண்ணம் இந்தியாவுக்குப் புதிது இல்லை. குஜராத்தின் கண்ட்லாவில் 1965இலேயே ஏற்றுமதி மண்டலம் தொடங்கிவிட்டது, சென்னையின் தாம்பரத்தில் 1984இல் வந்தது. ஆனால் 1980இல் சீனா அறிவித்த ஷென்சென் மண்டலத்தின் அசுர வளர்ச்சியைக் கண்ட பிறகே இங்கே ஆர்வம் பெருகியது. சீனாவுக்குச் சென்று அந்த மண்டலங்களைப் பார்த்துவந்த அன்றைய மத்திய வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன் 2000இல் இதற்கான கொள்கையை அறிவித்தார். 2005இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது.

ஷென்சென் எதற்கு விடையாகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைய சீனாவில் தனியார் முதலீட்டுக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ இடமில்லை. தொழிலாளிக்கு வாழ்நாள் வேலை. நிலத்தைக் கைமாற்றுவது சட்டவிரோதம். இவற்றை நாடு முழுவதும் ஒரே நாளில் மாற்றுவதற்குத் தலைமை அஞ்சியது. ஆகவே சுமார் 327 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒதுக்கி, புதிய விதிகளை அங்கே மட்டும் சோதித்துப் பார்த்தது. காலவரையறை உள்ள வேலை ஒப்பந்தங்கள் அங்கே முயன்று பார்க்கப்பட்டன. 1987 டிசம்பரில் நிலப் பயன்பாட்டு உரிமை ஒன்று பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டே அத்தகைய உரிமை மாற்றத்தை அனுமதிக்கச் சீன அரசியலமைப்பு திருத்தப்பட்டது. சோதித்துச் சரிவந்ததை நாட்டுக்கு விரிப்பது, வராததைக் கைவிடுவது என்பதுதான் ஷென்சென் செய்த வேலை. வரிச்சலுகை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்தியாவில் தனியார் சொத்துரிமையும் நிலச் சந்தையும் நீதிமன்றங்களும் ஏற்கெனவே இருந்தன. இங்கிருந்த முட்டுக்கட்டைகள் வேறு: துறைமுகத் தாமதம், மின்வெட்டு, தெளிவற்ற நிலப் பத்திரம், பல அலுவலகங்களில் ஒப்புதல். இரவல் வந்த சட்டத்தின் முதன்மையான கவர்ச்சியோ வரிவிலக்கு: முதல் ஐந்தாண்டு ஏற்றுமதி லாபத்துக்கு முழு விலக்கு, அடுத்த ஐந்தாண்டு பாதி விலக்கு. தகவல் தொழில்நுட்ப மண்டலத்துக்கு 10 ஹெக்டேர் போதும் என்று விதி வந்ததால், அலுவலக வளாகங்களே மண்டலங்களாயின. மென்பொருள் நிறுவனங்களுக்கு முன்பிருந்த வேறொரு வரிச்சலுகை 2011இல் முடிவுக்கு வரவிருந்த நேரத்தில், பல நிறுவனங்கள் புதிய பணிகளை இந்த மண்டலங்களுக்குள் கொண்டுசென்றன. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2014இல் அளித்த அறிக்கையின்படி, அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 45,600 ஹெக்டேரில் சுமார் 28,500 ஹெக்டேரில்தான் பணி தொடங்கியிருந்தது. தொழிற்சாலை வருமென்று நிலத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த உழவர் குடும்பங்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்த மண்டலங்களில் பல இலட்சம் பேருக்கு வேலை கிடைத்தது உண்மை. ஆனால் நாட்டின் விதிகளைச் சோதிக்கும் களமாக அவை அமையவில்லை, அமைப்பதற்கான எண்ணமும் அந்தச் சட்டத்தில் இல்லை.

ஓர் அமைப்பின் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டு, அது செய்துவந்த வேலையை விட்டுவிடுவதை உருவப் போலி என்று அழைக்கலாம். ஊழல் தடுப்பு ஆணையம் இருக்கும், வழக்குத் தொடரும் அதிகாரம் இருக்காது. திட்டக் குழு இருக்கும், அதன் கணக்கைக் கேட்டு நிதி ஒதுக்குபவர் இருக்க மாட்டார். உருவப் போலியின் பெரிய ஆபத்து, சீர்திருத்தம் நடந்துவிட்டது என்ற மனநிறைவை அது அரசுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் ஒருசேரத் தந்துவிடுவது.

சிங்கப்பூரின் எந்தப் பகுதி?

இலங்கையின் அனுபவம் தமிழர்களுக்கு மிக நெருக்கமானது, வலியும் மிகுந்தது. 1948இல் விடுதலை பெற்றபோது ஆசியாவில் நல்ல நிலையில் இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பின்னர் சிங்கப்பூரின் முதல் பிரதமரான லீ குவான் யூ 1956இல் கொழும்புக்கு வந்திருந்தார்; அவர் பின்னாளில் இலங்கையைப் பற்றி எழுதும்போது, காமன்வெல்த்தின் முன்மாதிரி நாடாக அது கருதப்பட்டதை நினைவுகூர்ந்தார். இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகி, 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தன சிங்கப்பூரை இலக்காகக் காட்டிப் பேசினார். வணிகம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. இன்றுவரை ஆடை ஏற்றுமதியில் அதன் பங்கு பெரிது.

சிங்கப்பூரிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் விட்டதைப் பாருங்கள். சீனர்கள் பெரும்பான்மையாக உள்ள சிங்கப்பூர், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் ஆட்சிமொழிகளாக வைத்திருந்தது. சீன மொழியை மட்டும் ஆட்சிமொழியாக்கும்படி எழுந்த கோரிக்கைக்கு அது இணங்கவில்லை. இலங்கையில் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு தமிழ் ஆட்சிமொழி ஆவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், அதாவது தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட முறை, அவர்களைப் புறந்தள்ளியது. வலயம் திறந்து ஐந்தே ஆண்டுகளில் 1983 ஜூலை வன்முறை கொழும்பின் தமிழர் கடைகளையும் தொழிற்சாலைகளையும் எரித்தது; நீண்ட போர் தொடர்ந்தது. சிங்கப்பூரில் முதலீட்டாளரை வரவழைத்தது துறைமுகமும் வரியும் மட்டுமே என்று நினைத்ததன் விலை இது. இன அமைதியும், சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக நடக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே பொருளாதாரக் கொள்கையின் அடித்தளங்களாக இருந்தன. எளிதாக இருந்ததை எடுத்துக்கொண்டு, வாக்கு இழக்க நேரும் பகுதியை விட்டுவிடுவது இலங்கைக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. எனினும் இவ்வளவு கொடிய விளைவோடு அது வெளிப்பட்ட இடங்கள் குறைவு.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் களைந்துவிடலாம். சிங்கப்பூர் என்றதும் மரீனா பே கோபுரங்கள்தான் கண்முன் வருகின்றன. வளரும் நாடு ஒன்று பார்க்க வேண்டியது 1960களின் தொடக்கத்துச் சிங்கப்பூரை. வேலையின்மை மிகுந்து, மக்கள் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. வீட்டுவசதி வாரியம் 1960இல் அமைந்தது. ஐ.நா. குழுவின் தலைவராக வந்த டச்சுப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் கொடுத்த ஆலோசனையை ஒட்டி, 1961இல் பொருளாதார வளர்ச்சி வாரியம் உருவாயிற்று. வறிய நாடாக இருந்தபோது அது எந்த முடிவை முதலில் எடுத்தது, எதைத் தள்ளிப்போட்டது என்பவையே நமக்குப் பயன்படும் செய்திகள். செல்வந்த நாடான பிறகு அது கட்டிய கட்டடங்கள் வளர்ச்சியின் விளைவுகள். அவற்றை முதலில் கட்டினால் கடன்தான் மிஞ்சும்.

தென்கொரியா: சலுகையோடு வந்த நிபந்தனை

தென்கொரியா ஜப்பானைக் கூர்ந்து பார்த்து வளர்ந்த நாடு. போஹாங் இரும்பாலைக்கு நிதி கேட்டபோது, அது கட்டுபடியாகாது என்பதே உலக வங்கியின் மதிப்பீடு. இரு நாடுகளும் உறவைச் சீராக்கிக்கொண்ட 1965 உடன்படிக்கையின் கீழ் ஜப்பான் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியையும் ஜப்பானிய இரும்பு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தையும் கொண்டு ஆலையைக் கட்டி, 1973இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். உலகின் பெரிய இரும்பு நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

மலிவுக் கடனும் இறக்குமதிப் பாதுகாப்பும் அந்நாளில் இந்தியா உட்படப் பல நாடுகள் தங்கள் ஆலைகளுக்குக் கொடுத்தவைதாம். கொரியா அவற்றை ஏற்றுமதி அளவோடு கட்டிப்போட்டது. குடியரசுத் தலைவர் பார்க் சுங் ஹீயின் தலைமையில் மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடந்தது. இலக்கை எட்டிய நிறுவனத்துக்குக் கடன் கிடைத்தது, எட்டாதது சலுகையை இழக்க நேர்ந்தது. வெளிநாட்டு வாங்குபவர் ஒரு சரக்கை வாங்குகிறாரா என்பது எந்த அதிகாரியாலும் மறைக்க முடியாத செய்தி. நான் மேலே குறிப்பிட்ட பின்னூட்டம் இதுதான். இதற்கு முன்பே, 1950இல் தொடங்கிய நிலச் சீர்திருத்தம் நிலவுடைமையைப் பரவலாக்கியிருந்தது, பள்ளிக் கல்வியும் விரைந்து பரவியது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இந்த முன்மாதிரியைப் புகழ்பவர்கள் அதன் விலையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். சியோலின் அமைதிச் சந்தையில், காற்றோட்டமில்லாத அறைகளில் இளம்பெண்கள் நாள் முழுவதும் குனிந்து ஆடை தைத்தார்கள். தொழிலாளர் சட்டம் ஏட்டில் இருந்தது, நடைமுறையில் இல்லை. அதை நடைமுறைப்படுத்தும்படி மனு மேல் மனு கொடுத்துப் பயனில்லாமல், ஜியோன் தே இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி 1970 நவம்பரில் தீக்குளித்து இறந்தார். ஜனநாயக நாடு ஒன்று கொரியாவின் ஏற்றுமதி நிபந்தனையை எடுத்துக்கொள்ளலாம். தொழிற்சங்கத்தை நசுக்கியதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அந்த ஒடுக்குமுறை இல்லாவிட்டால் வளர்ச்சியே வந்திருக்காது என்பதற்கு ஆதாரம் எனக்குத் தென்படவில்லை.

மூன்று அடுக்குகளையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம். ஜப்பானும் கொரியாவும் இயந்திரத்தை இரவல் வாங்கின, அமைப்பைத் தங்களுக்கேற்ப மாற்றின, விளைவைத் தாங்களே அளந்தன. சிறப்பு மண்டலச் சட்டத்தில் இந்தியா அமைப்பின் வடிவத்தை வாங்கியது. அளந்து திருத்துவதை மிகத் தாமதமாகத்தான் செய்தது.

பணக்கார நாடுதான் ஆசிரியராக வேண்டுமா?

முன்மாதிரி என்றாலே செல்வந்த நாட்டைத் தேடும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அது தேவையில்லாத எல்லை. நம்மைப் போன்ற வருமானமும் நம்மைப் போன்ற கிராமங்களும் உள்ள நாட்டின் அனுபவமே பல நேரங்களில் எளிதாக ஒத்துவரும்.

வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கினால் குழந்தைகள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த காலத்தில், பிராக் என்ற தன்னார்வ அமைப்பு 1980இலிருந்து பத்தாண்டுகள் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பி, உப்பு சர்க்கரைக் கரைசல் தயாரிப்பதைத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. கரைசலுக்கான ஆயத்தப் பொட்டலம் கிடைக்காத ஊர்களுக்கென்று அளவுகளைக் கையாலேயே வகுத்துக்கொண்டார்கள்: மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் சென்றது. பணியாளரின் ஊதியம் அவர் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதைக் கொண்டு முடிவாகவில்லை. கண்காணிப்பாளர் பிறகு வந்து, சில வீடுகளைத் தேர்ந்து, அந்தத் தாய்க்குப் பாடம் நினைவிருக்கிறதா, கரைசலைச் சரியாகச் செய்கிறாரா என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே ஊதியம். தாய்மார்கள் கற்றும் பயன்படுத்தாத ஊர்கள் கண்ணில் பட்டபோது, பணியாளர்களுக்கான பயிற்சியையே மாற்றினார்கள். வெல்லத்தின் அளவை எந்த நாடும் ஒரு நாளில் எழுதிக்கொண்டு போய்விடலாம். அந்தக் கண்காணிப்பாளரைத் தன் ஊரில் நியமிப்பதற்கும், அவர் கொண்டுவரும் கெட்ட செய்தியைக் கேட்டுத் திட்டத்தை மாற்றுவதற்கும் ஓர் அரசு அணியமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே, அந்தத் திட்டம் அங்கே வேர் பிடிக்குமா என்பது அமையும்.